கடை வெளிச்சமும் நம் கண்களும்

மாத்தளை நகரத்துப் புடவைக் கடைகளில் அடிக்கடி காணக்கூடிய வழக்கம் ஒன்று உண்டு. துணியை விரித்துப் பார்த்து, விலையும் பேசி முடித்த தாய்மார், கடைசியில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். பகல் வெளிச்சத்தில் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் "சரி, வெட்டுங்க" என்பார்கள். கடைக்குள் நூறு விளக்குகள் எரிந்தாலும் அவர்களுக்கு வாசல் வெளிச்சம்தான் சாட்சி.

இந்த வழக்கத்தின் பின்னால் ஒரு பெரிய அறிவியல் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். நான் யட்டவத்த பிரதேசத்தைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவி. என் மாமா மாத்தளையில் ஒரு சிறிய புடவைக் கடை வைத்திருக்கிறார். பாடசாலை விடுமுறை நாட்களிலும் பெருநாள் காலத்திலும் அங்கே மாமிக்கு உதவியாக நிற்பேன். துணி மடித்து வைக்கும் வேலைக்கு இடையில் நான் கவனித்த விடயங்களும், அவற்றுக்கு விளக்கம் தேடி வாசித்தவையும் இங்கே சேர்ந்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் கடை நடத்துகிறவர்களுக்கும் இவை பயன்படும் என்று நம்புகிறேன்.

வெளிச்சத்துக்கு மூன்று குணங்கள்

"நல்ல வெளிச்சம்" என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் கடைக்கு விளக்கு அமைப்பவர்கள் வெளிச்சத்தின் மூன்று குணங்களைத் தனித்தனியே பார்க்கிறார்கள்.

முதலாவது, அளவு. ஒரு பரப்பின் மீது விழும் ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். உச்சி வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். வெயில் படாத நிழலில் அது 10,000 அளவில் இருக்கும். வகுப்பறைக்கு 300 முதல் 500 லக்ஸ் போதும். பளிச்சென்று தெரியும் சுப்பர் மார்க்கெட்டுகளில் 1000 லக்ஸ் வரை இருக்கும். பௌர்ணமி நிலவோ ஒரு லக்ஸ் கூட வராது. இந்த எண்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். நண்பகலில் வீதியிலிருந்து கடைக்குள் நுழையும்போது நமது கண் பெரிய வெளிச்சத்திலிருந்து மிகச் சிறிய வெளிச்சத்துக்கு வருகிறது. கண்மணி விரிந்து பழகுவதற்குச் சற்று நேரம் எடுக்கும். அதுவரை கடை குகை போல இருண்டு தெரியும். பட்டப்பகலிலும் கடைக்காரர்கள் வாசலோரத்து விளக்குகளை எரியவிடுவதற்கு இதுவே காரணம். வெயில் கடுமையான எங்கள் நாட்டில் கடையின் முன்பகுதிக்கு இரவைவிடப் பகலில்தான் கூடுதல் வெளிச்சம் தேவை.

இரண்டாவது, ஒளியின் நிறம். இதைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பார்கள். கம்மாலையில் இரும்பு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரும்பு சூடேறும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் ஏறினால் வெண்மையாகும். அந்தச் சூட்டு அளவையே ஒளியின் நிறத்துக்கும் பெயராக வைத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்திச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். பழைய குண்டு மின்குமிழ் 2700. நடுத்தர வெள்ளை 4000. நாம் "கூல் டேலைட்" என்று கேட்டு வாங்கும் நீலம் கலந்த வெள்ளை 6500. எண் கூடக் கூட நிறம் நீலத்தை நோக்கிப் போகும். மஞ்சள் ஒளியைப் பார்த்தால் சூடான உணர்வும் வெள்ளை ஒளியைப் பார்த்தால் குளிர்ச்சியான உணர்வும் நமக்கு வருகின்றன. எண்களோ அதற்கு நேர்மாறாக ஏறுகின்றன.

மூன்றாவது குணம்தான் மிக முக்கியமானது. பலரும் அறியாததும் அதுவே. ஒரு விளக்கு பொருட்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதே அது. இதற்கு நிறக்காட்டுச் சுட்டெண் என்று ஓர் அளவு உண்டு. மின்குமிழ்ப் பெட்டிகளில் சி.ஆர்.ஐ. என்று சுருக்கமாக அச்சிட்டிருப்பார்கள். குண்டு மின்குமிழுக்கு அது 100. சாதாரண எல்.ஈ.டி. விளக்குகளில் 80 அளவில் இருக்கும். வீதிகளில் எரியும் மஞ்சள் சோடியம் விளக்குக்கு 25 அளவுதான். அந்த வெளிச்சத்தில் சிவப்புக் காரும் பழுப்புக் காரும் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

எல்.ஈ.டி. விளக்கின் இரகசியம்

இன்று கிட்டத்தட்ட எல்லாக் கடைகளிலும் எல்.ஈ.டி. விளக்குகளே எரிகின்றன. இவற்றுக்கு வழிதிறந்தது நீல எல்.ஈ.டி. யின் கண்டுபிடிப்பு. அதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளை எல்.ஈ.டி. யின் உள்ளே இருப்பது நீல ஒளிதான். அதன் மேல் பூசப்பட்ட மஞ்சள் நிறப் பொருள் நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக வெளிவிடுகிறது. இரண்டும் கலந்து நமது கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

வெயிலில் வானவில்லின் எல்லா நிறங்களும் இருக்கின்றன. மலிவான எல்.ஈ.டி. யிலோ கடும் சிவப்பு மிகக் குறைவு. இல்லாத நிறத்தைத் துணி எப்படித் திருப்பி அனுப்பும்? ஆகவே கடும் சிவப்பும் மெரூனும் அந்த வெளிச்சத்தில் மங்கிப் பழுப்பாகத் தெரியும். சி.ஆர்.ஐ. அளவை எட்டு மென்மையான நிறங்களை வைத்தே கணக்கிடுகிறார்கள். அந்த எட்டில் கடும் சிவப்பு இல்லை. அதனால் 80 என்று அச்சிட்ட விளக்கும் சிவப்பைச் சரியாகக் காட்டாமல் போகலாம். துணிக்கடைக்கு 90க்கு மேற்பட்ட விளக்குகளைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

இரண்டு கறுப்புகள்

எங்கள் பெண்களுக்கு இது எவ்வளவு நெருக்கமான விடயம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அபாயாவுக்கு ஒரு கறுப்புத் துணியும் அதற்குப் பொருத்தமாகக் கறுப்பு ஷோலும் வாங்குகிறோம். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கறுப்பு. வீதிக்கு வந்தால் ஒன்று நீலம் கலந்த கறுப்பு, மற்றது செம்மை கலந்த கறுப்பு.

இதில் துணியின் குறை எதுவும் இல்லை. இரண்டு துணிகளுக்கும் வெவ்வேறு சாயங்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழ் இரண்டு சாயங்களும் கண்ணுக்கு ஒரே அளவான ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. விளக்கு மாறினால் அந்தச் சமநிலை குலைந்து வேறுபாடு வெளிப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் துணியின் நிறத்தைச் சரிபார்க்க ஒரு தனிப்பெட்டி வைத்திருப்பார்கள். அதற்குள் பகல் ஒளி, கடை விளக்கு, வீட்டு விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வொன்றிலும் நிறம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே துணியை ஏற்றுக்கொள்வார்கள்.

எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒன்று நடந்தது. என் ராத்தாவின் கல்யாணத்துக்கு, வேறொரு நகரத்துக் கடையில், மஃரிபுக்குப் பிறகு மெரூன் நிறத்தில் சாரியும் அதற்கு சட்டைத் துணியும் வாங்கினோம். "ஒரே நிறம்தான் ராத்தா, யோசிக்க வேணாம்" என்று கடைக்காரர் உம்மாவிடம் சொன்னார். அந்த வெளிச்சத்தில் அவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். மறுநாள் காலை முற்றத்தில் விரித்தபோது சட்டைத் துணி செங்கல் நிறமாக இருந்தது. வெட்டிய துணியை அந்தக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. ராத்தாவின் முகம் வாடியதும், வாப்பா மீண்டும் ஒருமுறை காசைத் தேடியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலிவான மின்குமிழ் ஒன்றின் உண்மையான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்துதான் என் மனதில் வந்தது.

நகையும் மாணிக்கமும்

கொழும்பு செட்டியார் தெருவுக்குப் போனவர்கள் அங்குள்ள நகைக்கடைகளின் பளபளப்பை மறக்கமாட்டார்கள். பவுண் நகைகளுக்கு மேலே 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளியைப் பாய்ச்சினால் தங்கத்தின் மஞ்சள் இன்னும் செழிப்பாகத் தெரியும். அதே ஒளியில் வெள்ளியும் வைரமும் மங்கிவிடும். அவற்றுக்கு 4000 கெல்வினுக்கு மேற்பட்ட வெள்ளை ஒளி வேண்டும். ஒரே கடையில் தங்கப் பக்கத்துக்கும் வைரப் பக்கத்துக்கும் வெவ்வேறு விளக்குகள் இருப்பதை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. குழல் விளக்கின் கீழ் கல் வைத்த நகை சாதாரணமாகத் தெரியும். சிறு புள்ளியாக ஒளி வீசும் விளக்கின் கீழ் அதே கல் மின்னும். கல்லின் ஒவ்வொரு பட்டையும் ஒரு சிறு கண்ணாடி. புள்ளி ஒளி அதில் கூர்மையாகத் தெறிக்கிறது. நாம் தலையை அசைக்கும்போது அந்தத் தெறிப்பும் இடம் மாறுவதால் கல் கண்சிமிட்டுகிறது. நகைக்கடையில் சிறு விளக்குகள் ஏராளமாக இருப்பதன் காரணம் இதுவே.

மாணிக்கக்கல் வியாபாரிகள் இந்த வித்தையை நன்றாக அறிந்தவர்கள். பேருவளை சீனன்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் கல்லை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தே விலை பேசுகிறார்கள். எங்கள் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய எலஹெரப் பகுதியும் மாணிக்கக்கல்லுக்குப் பெயர் பெற்றது. இலங்கையில் கிடைக்கும் அலெக்சாந்திரைட் என்ற கல் பகல் ஒளியில் பச்சையாகவும் குண்டு மின்குமிழ் வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரியும். அக்கல் மஞ்சள் ஒளியை உறிஞ்சிவிட்டுப் பச்சையையும் சிவப்பையும் மட்டும் விடுகிறது. பகல் ஒளியில் பச்சை மிகுதி, குண்டு மின்குமிழில் சிவப்பு மிகுதி. எது மிகுதியோ அந்த நிறமாகக் கல் காட்சி தருகிறது. கல்லுக்கே இது நடக்கும் என்றால் துணிக்கு நடப்பதில் வியப்பென்ன?

கடையின் சூழலை ஆக்குவது எது?

ரிச்சர்ட் கெலி என்ற அமெரிக்க ஒளியமைப்பாளர் 1952ஆம் ஆண்டில் கட்டட ஒளியை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எங்கும் பரந்திருக்கும் பொது ஒளி, ஒரு பொருளின் மீது குவியும் ஒளி, கண்ணைக் கவர்ந்து மின்னும் ஒளி என்பனவே அவை. இன்றுவரை கடைகளுக்கு விளக்கு அமைப்பவர்கள் இந்த மூன்றையும் பல அளவுகளில் கலந்தே ஒரு கடையின் தன்மையை உருவாக்குகிறார்கள்.

சுப்பர் மார்க்கெட்டில் பொது ஒளியே ஆட்சி செய்யும். எல்லாத் தட்டுகளும் ஒரே சீராகப் பளிச்சென்று இருக்கும். எதுவும் மறைந்திருக்கவில்லை, எல்லாம் நியாய விலை, எடுத்துக்கொண்டு சீக்கிரம் போகலாம் என்ற எண்ணத்தை அந்த வெளிச்சம் தரும். கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் பெரிய வணிகத் தொகுதிகளில் விலையுயர்ந்த ஆடை விற்கும் கடையொன்றுக்குள் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கும். பொது ஒளி மங்கலாக இருக்கும். ஓர் ஆடையின் மீது, ஒரு கைப்பையின் மீது மட்டும் ஒளி குவியும். சுற்றிலும் இருள் இருப்பதால் ஒளி விழுந்த பொருள் அருமையானதாகத் தெரிகிறது. நமது நடை தானாகவே மெதுவாகிறது, குரலும் தணிகிறது. விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே "இது விலை கூடியது" என்று மனம் ஒப்புக்கொண்டுவிடுகிறது.

கடையின் சூழலே ஒரு விற்பனைக் கருவி என்பதை பிலிப் கொட்லர் என்ற சந்தைப்படுத்தல் அறிஞர் 1973ஆம் ஆண்டளவில் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கினார். ஒளி, ஒலி, மணம் எல்லாம் சேர்ந்து வாங்குபவரின் மனநிலையை மாற்றுகின்றன என்பது அவரது கருத்து. அதன்பின் இதுபற்றிப் பல ஆய்வுகள் நடந்தன. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரே நிறுவனத்தின் 108 கடைகளை ஒப்பிட்டார்கள். கூரை வழியே பகல் ஒளி வரும் கடைகளில் விற்பனை ஏறக்குறைய 40 வீதம் கூடுதல் என்ற முடிவு வந்தது. பலரும் வியந்தார்கள். 2003ஆம் ஆண்டு வேறொரு நிறுவனத்தின் கடைகளில் அதே ஆய்வாளர்கள் பார்த்தபோது சராசரி விளைவு மிகச் சிறியதாகவே இருந்தது. ஆகவே "விளக்கை மாற்றினால் விற்பனை பெருகும்" என்று யாரேனும் உறுதியாகச் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வெளிச்சம் நமது கண்ணையும் நடையையும் மனநிலையையும் மாற்றும். வாங்குவதும் வாங்காமல் விடுவதும் தேவை, விலை, தரம் என்று வேறு பலவற்றிலும் தங்கியிருக்கிறது.

பகல் ஒளியைக் கடைக்குள் கொண்டுவருவது புதிய யோசனையும் அல்ல. ஈரானின் காஷான், இஸ்பஹான் நகரங்களின் பழைய கடைவீதிகள் குவிமாடக் கூரைகளால் மூடப்பட்டவை. ஒவ்வொரு குவிமாடத்தின் உச்சியிலும் ஒரு துவாரம் இருக்கும். அதன் வழியே இறங்கும் ஒளித்தூண் நாள் முழுவதும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். வெயிலின் சூடு குறைவாகவும் வெளிச்சம் தாராளமாகவும் வரும் அமைப்பு அது. 15ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட இஸ்தான்புல்லின் மூடு சந்தையிலும் உயரமான சாளரங்கள் வழியாகவே ஒளி வருகிறது. வெயிலுக்கு மறைப்பும் வெளிச்சத்துக்குத் திறப்பும் வேண்டிய எங்கள் நாட்டுக்கு இவற்றில் பாடம் இருக்கிறது.

ஒளியால் ஏமாற்றலாமா?

இறைச்சியின் மீது இளஞ்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் பழைய இறைச்சியும் இப்போதுதான் அறுத்தது போலத் தெரியும். மரக்கறிக்குப் பச்சை கலந்த ஒளியும், பாணுக்கு மஞ்சள் ஒளியும் அதே வேலையைச் செய்யும். சீனாவில் இப்படியான விளக்குகள் பரவலாகப் பாவிக்கப்பட்டன. மக்களின் முறைப்பாடுகள் பெருகவே, உணவுப் பொருட்களின் உண்மை நிறத்தைத் தெளிவாக மாற்றிக்காட்டும் விளக்குகளைப் பாவிப்பதற்கு அங்கு 2023 டிசம்பர் 1 முதல் தடை விதிக்கப்பட்டது. எங்கள் நாட்டிலும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் செயல்களை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது.

சட்டத்துக்கு முன்பே எங்களுக்கு ஒரு வழிகாட்டல் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டதும், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியிடம் கேட்டதும் நாம் சிறு வயதிலேயே கற்ற செய்தி. அன்று குறையை மறைத்தது மேலே கிடந்த உலர்ந்த தானியம். இன்று அதே வேலையை ஒரு விளக்கு செய்யலாம். பொருளை அழகாகக் காட்டுவது வியாபாரியின் உரிமை. குறையை மறைப்பது அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான கோடு மெல்லியதுதான் என்றாலும், வீட்டுக்குப் போன பிறகும் பொருள் அதே நிறத்தில் இருக்குமா என்று தன்னையே கேட்கும் வியாபாரிக்கு அந்தக் கோடு தெரியாமல் போகாது.

கண்ணாடியின் முன்னால்

தோழியரே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உடை மாற்றும் அறையின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து மனம் சோர்ந்து போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த அறைகள் பலவற்றில் ஒரே ஒரு விளக்கு தலைக்கு நேர் மேலே இருக்கும். மேலிருந்து விழும் ஒளியில் புருவத்தின் நிழல் கண்ணுக்குக் கீழேயும் மூக்கின் நிழல் உதட்டின் மீதும் விழும். கண் குழிந்து, முகம் கறுத்து, களைத்துத் தெரியும். அதே முகத்துக்குக் கண்ணாடியின் இரு பக்கங்களிலிருந்தும் ஒளி கிடைத்தால் அந்த நிழல்கள் மறைந்துவிடும். சிவப்பு குறைந்த வெள்ளை விளக்கு எங்கள் மாநிறத் தோலைச் சாம்பல் பூத்தது போலவும் காட்டும்.

அழகுசாதனக் கடையில் அந்தக் கண்ணாடிக்கு முன் நின்று "எனக்கு வெள்ளையாக்கும் கிறீம் வேண்டும்" என்று முடிவெடுக்கும் பெண்பிள்ளை, ஒரு விளக்கின் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கிறாள். கூரையில் தொங்கும் ஒரு மின்குமிழுக்கு நமது முகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி கிடையாது.

சிறு கடைக்காரரின் கணக்கு

நல்ல விளக்கு என்றால் பெரிய செலவு என்ற பயம் சிறு வியாபாரிகளுக்கு உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். கடைகளில் மெழுகுவர்த்தியும் கைபேசி வெளிச்சமும் வைத்து வியாபாரம் நடந்தது. கடைகள் நேரத்தோடு பூட்டப்பட்டபோது வீதியும் இருண்டது. மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவிகளுக்கு அந்தக் கடைகளின் வெளிச்சம் எவ்வளவு பெரிய பாதுகாப்பாக இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அதன் பின் மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் கூட்டப்பட்டது.

அந்தக் காலத்தில்தான் மாமா கடையின் பழைய குழல் விளக்குகளை மாற்ற முடிவு செய்தார். மாமி, மாமா, நான் மூவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். பழைய குழல் விளக்கு ஒன்று, அதன் சோக்கையும் சேர்த்து, ஏறக்குறைய 45 வாற்று எடுக்கும். பத்து விளக்குகள் நாளுக்குப் பத்து மணித்தியாலம் எரிந்தால் 4.5 அலகு. மாதம் 30 நாளுக்கு 135 அலகு. 18 வாற்று எல்.ஈ.டி. குழல்களைப் போட்டால் நாளுக்கு 1.8 அலகு, மாதம் 54 அலகு. மிச்சம் 81 அலகு. அந்த மிச்சத்தின் ஒரு பகுதியைச் சி.ஆர்.ஐ. 90க்கு மேற்பட்ட விளக்குகளை வாங்கச் செலவிட்டோம். எல்லா விளக்கையும் அப்படி வாங்கவில்லை. துணியை விரிக்கும் மேசைக்கு மேலேயும் கண்ணாடிக்கு இரு பக்கங்களிலும் மட்டுமே அவை தேவைப்பட்டன.

அப்போது மாமா சொன்ன ஒரு வசனம் எந்தப் புத்தகத்திலும் வாசிக்காத பாடம். "மகள், நிலத்துக்கு வெளிச்சம் போட்டு என்ன செய்ய? சனம் பார்க்கிறது சுவரை." உண்மைதான். கடைக்குள் நுழையும்போது நமது கண் எதிரே நிற்கும் சுவரையும் தட்டுகளையும்தான் பார்க்கிறது. சுவருக்கு ஒளி கிடைத்தால் சிறு கடையும் விசாலமாகத் தெரியும். நடுக்கூரையில் இருந்த விளக்குகளில் இரண்டைச் சுவர்ப்பக்கம் திருப்பியதும் கடை வெளிச்சமாகிவிட்டது போல இருந்தது. ஒரு வாற்று கூட அதிகமாகச் செலவாகவில்லை.

வாங்குபவர் கைக்கொள்ள வேண்டியவை

பெற்றோருக்கும் தோழியருக்கும் பயன்படும் சில குறிப்புகளைத் தொகுத்துத் தருகிறேன்.

நிறம் பொருந்த வேண்டிய துணிகளைப் பகலில் வாங்குவது நல்லது. இரவில் வாங்கத்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே உள்ள துணியின் சிறு துண்டொன்றைக் கையில் கொண்டுபோய், குறைந்தது இரண்டு வகை விளக்குகளின் கீழ் வைத்துப் பாருங்கள். வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

ஆடையை எந்த நேரத்தில் உடுத்தப் போகிறோம் என்பதையும் யோசியுங்கள். இரவு வைபவத்துக்கான சாரியை மண்டப விளக்கின் நிறத்தில் பார்ப்பது முக்கியம். பகலில் அணியும் ஆடைக்கு வெயில்தான் தீர்ப்பு.

இறைச்சி, மீன் வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்பாமல் மணத்தையும் தொடுகையையும் கவனியுங்கள். விளக்குக்கு வெளியே எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

கடைக்குள் கொஞ்ச நேரத்திலேயே தலை வலிக்கிறதா? கைபேசியின் கமராவை விளக்கை நோக்கிப் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டிகள் ஓடினால் அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது என்று பொருள். மலிவான எல்.ஈ.டி. விளக்குகளில் இது அதிகம். வீட்டிலும், முக்கியமாகப் பிள்ளைகள் படிக்கும் மேசையிலும் இதைச் சோதித்துப் பாருங்கள்.

மின்குமிழ் வாங்கும்போது வாற்றை மட்டும் பார்க்காமல் பெட்டியில் லூமன், கெல்வின், சி.ஆர்.ஐ. என்ற மூன்று விபரங்களையும் தேடி வாசியுங்கள். லூமன் என்பது விளக்கு தரும் மொத்த ஒளி. 60 வாற்று குண்டு மின்குமிழ் தரும் ஒளியை 9 வாற்று எல்.ஈ.டி. தந்துவிடும்.

ஒளியமைப்பு இன்று ஒரு தொழிலாகவும் வளர்ந்திருக்கிறது. பௌதிகவியல், சித்திரம், உளவியல், கணக்கு எல்லாம் ஓரிடத்தில் சந்திக்கும் துறை அது. கட்டடக்கலை, உள்ளக வடிவமைப்பு, மின்தொழினுட்பம் ஆகிய எந்த வழியாலும் அதற்குள் நுழையலாம். துணியின் நிறத்தையும் தையலின் நுட்பத்தையும் சிறு வயது முதல் கண்ணால் அளந்து பழகிய எங்கள் பெண்பிள்ளைகளுக்கு இத்துறையில் நல்ல இடம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மாமாவின் கடையில் அடுத்துச் செய்ய வேண்டிய வேலையும் தயாராக இருக்கிறது. பின்பக்கக் கூரையில் கண்ணாடி ஓடு இரண்டைப் பதித்தால், துணி விரிக்கும் மேசைக்கே பகல் வெளிச்சம் இறங்கிவிடும். எத்தனை ஓடு, எந்தத் திசையில், வெயில் துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யாமல் எப்படி என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறோம்.